ஏடு காத்த பெருந்தகை ராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளை

முகவுரை

கல்வியாகிய செல்வத்தை வெள்ளம் கொண்டுபோகாது, தீ எரிக்காது, கள்வர் கவரார் என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். உள்ளத்திற் பதிந்த கல்விக்கு அது முற்றும் பொருந்தும். எழுதி வைத்த கல்விக்கோ அவை மூன்றும் பகையாம். அவற்றினும் கொடிய பகை வேறொன்றுண்டு, அது காலம். வெள்ளம் ஒருநாள் வரும். தீ ஒருநாள் பற்றும். காலமோ எந்நாளும் ஓசையின்றி அரித்துக்கொண்டே யிருக்கும். பனையோலையாயினும், காகிதமாயினும், இக்காலத்துக் கணினியின் தகடாயினும், எழுத்தைத் தாங்கும் பொருள் யாதும் அழிவுடையதே. ஆதலின், எழுதியதைக் காக்க விரும்புவோர் செய்யத்தக்கன மூன்று. பழைய பொருள் அழியுமுன் அதிலுள்ளதைப் புதிய பொருளுக்குப் பெயர்த்தல் வேண்டும். பெயர்த்ததைப் பிழையறச் சோதித்தல் வேண்டும். சோதித்த பிரதியை ஓரிடத்தன்றிப் பல இடங்களில் வைத்தல் வேண்டும்.

இம்மூன்றனையும் பண்டைத் தமிழ் நூல்களின்பொருட்டுச் செய்து முடித்த பெரியார் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் யாழ்ப்பாணத்து மிஷன் கலாசாலையொன்றிற் பயின்றவர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். கணக்கதிகாரியாகவும் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கியவர். எனினும், இப்பதவிகளால் அவர் பெயர் நிலைபெறவில்லை. செல்லரித்த ஏடுகளை அச்சேற்றியதனாலேயே அது நிலைபெற்றது. அப்பெரியாராகிய தாமோதரம் பிள்ளையின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் ஊரில், வைரவநாத பிள்ளை என்பாருக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் புதல்வராய், 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ஆம் நாள் தாமோதரம் பிள்ளை தோன்றினார். அவர் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துக்கள் பிறந்த ஊரையும் பெற்ற தந்தையையும் நினைவூட்டுவன. தந்தையாரிடமே தமிழின் தொடக்கக் கல்வியைப் பெற்ற அவர், பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரை அடுத்து இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். ஆங்கிலக் கல்வியின் தொடக்கம் தெல்லிப்பழையிலிருந்த அமெரிக்க மிஷன் பாடசாலையில் நிகழ்ந்தது.

அதன்பின் அவர் புகுந்தது வட்டுக்கோட்டைக் கலாசாலை. அமெரிக்க மிஷனார் 1823-ஆம் ஆண்டில் நிறுவி 1855-ஆம் ஆண்டுவரை நடத்திய இக்கலாசாலை, அக்காலத்துத் தென்னாசியாவிற் சிறந்த கல்விநிலையங்களுள் ஒன்றாக மதிக்கப்பெற்றது. ஆங்கிலமும் தமிழும் அங்கே ஒருங்கு கற்பிக்கப்பட்டன. கணிதம், வானசாஸ்திரம், பௌதிகம், தருக்கம் முதலிய மேனாட்டு வித்தைகளைக் கற்ற மாணவன் தன் தாய்மொழி இலக்கணத்தையும் உடன் கற்றான். ஒரு நூலை மேற்கொள்ளுமுன் அதனை ஆராய வேண்டும், சான்றின்றி எதனையும் கொள்ளலாகாது என்னும் நோக்கு அவ்விடத்தில் அவருள்ளத்தில் வேரூன்றியது என்று கருதுதல் பிழையாகாது. சமயத்தில் அவர் பிற்காலத்திற் சைவராகவே வாழ்ந்தார்; ஆயினும், மிஷன் கலாசாலை தந்த ஆராய்ச்சிப் பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

சென்னை புகுதலும் பட்டம் பெறுதலும்

கலாசாலையினின்று நீங்கியபின் கோப்பாயில் ஆசிரியராய்ச் சிறிதுகாலம் பணியாற்றினார். இருபது வயதைக் கடந்த சின்னாட்களிலேயே குமரகுருபர அடிகளின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் வெளியிட்டமை, அவர் பின்னர் மேற்கொள்ளவிருந்த பெரும்பணிக்கு முன்னறிகுறியாய் அமைந்தது.

அக்காலத்திற் பேர்சிவல் பாதிரியார் சென்னையில் தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தி வந்தார். யாழ்ப்பாணத்தில் விவிலிய மொழிபெயர்ப்பின்போது ஆறுமுக நாவலரின் துணையைப் பெற்றவரும் அவரே. தாமோதரம் பிள்ளையின் புலமையைக் கேள்வியுற்ற அவர், பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்குமாறு அவரைச் சென்னைக்கு அழைத்தார். பத்திரிகைப் பணியோடு இராசதானிக் கலாசாலையில் தமிழ் கற்பிக்கும் பேறும் அவருக்கு வாய்த்தது.

1857-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திற் சென்னைச் சர்வகலாசாலை சட்டத்தால் நிறுவப்பெற்றது. அது நடத்திய முதற் பி.ஏ. பரீட்சையில் தேறினோர் இருவரே. அவ்விருவரும் யாழ்ப்பாணத்தார், ஒருவர் தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. கடல் கடந்து வந்த இவ்விளைஞர் இருவரும் இச்சர்வகலாசாலையின் பட்டதாரி வரிசைக்குத் தலைமை பூண்டமை, பின்வந்த மாணவர் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

உத்தியோக வாழ்க்கை

பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டை இராசாங்கப் பாடசாலையிற் சிலகாலம் ஆசிரியராயிருந்து, மீண்டும் சென்னைக்கு வந்து அரசாங்கக் கணக்கு அலுவலகத்திற் சேர்ந்தார். அங்கே படிப்படியாக உயர்ந்து விசாரணைக் கர்த்தர் பதவியை அடைந்தார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1871-ஆம் ஆண்டிற் பி.எல். பட்டமும் பெற்றார். 1882-ஆம் ஆண்டில் அவ்வுத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றார்.

கணக்கு அலுவலகத்தின் வேலை, ஒரு பதிவை மற்றொரு பதிவோடு ஒப்புநோக்கி வேறுபாடு கண்டு திருத்துவதாகும். ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதிப்பவனுக்கு வேண்டிய பொறுமையும் அதுவே. பகலில் எண்களை ஒப்புநோக்கிய கண்கள், எஞ்சிய பொழுதில் எழுத்துக்களை ஒப்புநோக்கின.

அக்காலத்து ஏடுகளின் நிலை

தாமோதரம் பிள்ளை செய்த பணியின் அருமையை உணர்தற்கு, அக்காலத்தில் ஏடுகள் இருந்த நிலையை முதலில் அறிதல் வேண்டும்.

பனையோலையைப் பக்குவஞ் செய்து, உலர்த்தி, வழவழப்பாக்கி, அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்து அமைப்பது சுவடி. எழுத்தாணியாற் கீறிய வரிகளிற் கரி தடவ எழுத்து விளங்கும். நன்கு பேணினாலும் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளுக்குமேல் நிலைத்தல் அரிது. பூச்சிகள் துளைக்கும், ஓரங்கள் ஒடியும். ஆகவே, ஒவ்வொரு தலைமுறையிலும் பழைய சுவடியைப் பார்த்துப் புதிய சுவடி எழுதப்பட்டால்தான் நூல் உயிர்வாழும். சங்க நூல்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் வந்து சேர்ந்தமைக்குக் காரணம், பெயரறியாத எழுத்தாளர் பலர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பெயர்த்தெழுதியமையே. முதன்முதல் எழுதிய ஓலை ஒன்றேனும் இன்று இல்லை. பிரதியின் பிரதிகளே உள்ளன.

பெயர்த்தெழுதும் வழக்கம் ஒரு தலைமுறை நின்றாலும் நூலுக்கு இடையூறு நேரும். 19-ஆம் நூற்றாண்டில் அவ்வாறே நேர்ந்தது. கற்பாரும் கேட்பாரும் இன்மையாற் பழைய இலக்கியச் சுவடிகள் வீடுகளின் பரண்களிலும் மடங்களின் மூலைகளிலும் தீண்டுவாரின்றிக் கிடந்தன. பொருளறியாத சிலர் முன்னோர் ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர், சிலர் தீயிலிட்டனர். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இன்று இல்லை. பிற நூல்களில் எடுத்தாளப்பெற்ற சில செய்யுட்களே எஞ்சின. முதுநாரை, முதுகுருகு என்பன பெயரளவில் மட்டும் அறியப்படுவன. பெயர்த்தெழுதப்படாத நூல் இறந்துபடும் என்பதற்கு இவை சான்று.

தாமோதரம் பிள்ளை தேடிச் சென்றபோது, தமிழ்நாடு முழுதும் தொல்காப்பியப் பிரதிகள் மிகச் சிலவாகவே இருந்தன. அவையும் தொட்டால் உதிரும் நிலையை அடைந்திருந்தன. கட்டவிழ்க்கும்போதே ஓலை முறிவதையும், புழு அரித்த வழிகளால் எழுத்துக்கள் சிதைந்து கிடப்பதையும் அவர் தம் பதிப்புரையில் மிக்க வருத்தத்தோடு எழுதினார். இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தால் அப்பிரதிகளும் இறந்துபடும் என்னும் அச்சமே, தம் தகுதியைப் பற்றிய ஐயத்தையும் கடந்து அவரை அச்சேற்றத் தூண்டியது. தம்மினும் வல்லார் ஒருவர் வரும்வரை காத்திருத்தல் தகும் என்று அவர் கருதியிருப்பின், வல்லார் வரும்போது ஏடு இராது.

பதிப்புப் பணி

ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பிழையற்ற பதிப்புக்களை வெளியிட்டுப் பதிப்புத் துறைக்கு வழிகாட்டினார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் நாவலர் பரிசோதிக்க, 1868-ஆம் ஆண்டில் அதனைத் தாமோதரம் பிள்ளை வெளியிட்டார். 1879-ஆம் ஆண்டில் நாவலர் மறைந்தபின் அப்பெரும்பொறுப்பைத் தாமே தாங்கினார்.

1881-ஆம் ஆண்டில் வீரசோழியத்தைப் பெருந்தேவனார் உரையுடன் பதிப்பித்தார். புத்தமித்திரனார் இயற்றிய இவ்விலக்கணம் அவர் கை பட்டிராவிடின் நமக்குக் கிடைத்திருக்குமோ என்பது ஐயம். 1883-ஆம் ஆண்டில் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வெளிவந்தன. 1885-ஆம் ஆண்டில், தமிழ்ப் புலவர் பலர் பெயரளவிற் கேட்டிருந்த தொல்காப்பியப் பொருளதிகாரம் உரையுடன் அச்சாயிற்று. 1887-ஆம் ஆண்டிற் கலித்தொகை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது இதுவே. 1889-ஆம் ஆண்டில் இலக்கண விளக்கமும், சைனக் காப்பியமாகிய சூளாமணியும் வந்தன. 1891, 1892-ஆம் ஆண்டுகளில் தொல்காப்பியத்தின் எழுத்தும் சொல்லும் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தன.

இவ்வரிசையில் பௌத்தர் செய்த இலக்கணமும், சைனர் செய்த காப்பியமும், சைவர் செய்த புராணமும் ஒருங்கே இருத்தலைக் காண்க. தம் சமயத்து நூல், பிறர் சமயத்து நூல் என்னும் வேற்றுமையை அவர் பாராட்டவில்லை. அழியும் நிலையிலுள்ள நூல் எதுவோ அதுவே அவர் கருத்தைக் கவர்ந்தது.

பரிசோதித்த முறை

ஒரு சுவடியைக் கண்டவாறே அச்சேற்றுதல் பதிப்பாகாது. பெயர்த்தெழுதுவோன் செய்த பிழை அடுத்த பிரதியில் அப்படியே இறங்கும். அடுத்தவன் தன் பிழையையும் சேர்ப்பான். மேலும், ஓலையிற் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதினர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவாய் இருந்தன. ஆகவே, ஒரு வரியைப் பலவாறு படித்தற்கு இடமிருந்தது. எங்கே செய்யுள் முடிகின்றது, எங்கே உரை தொடங்குகின்றது என்பதும் பல இடங்களில் விளங்காது.

இவ்விடர்களுக்கு மருந்து பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்குதலே. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருந்த புலவர்களுக்கும் மடத்தார்க்கும் எழுதிப் பிரதிகளைப் பெற்றார். ஒன்றிற் சிதைந்த பகுதி மற்றொன்றில் இருக்கும். ஒன்றிலுள்ள பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். உதவினோர் பெயர்களைப் பதிப்புரைகளில் நன்றியோடு குறித்தார். அப்பதிப்புரைகள் பிற்காலத்தில் தாமோதரம் என்னும் பெயரால் ஒரு நூலாகவே தொகுக்கப்பெற்றன.

இத்துணை முயற்சிக்குப் பின்னும் சில பிழைகள் நின்றன. பொருளதிகார உரை முழுவதையும் அவர் நச்சினார்க்கினியர் உரையென்றே வெளியிட்டார். அதன் பிற்பகுதியிலுள்ள சில இயல்களின் உரை பேராசிரியர் இயற்றியது என்று பின்வந்த அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். இதனால் அவர் பெருமை குறையவில்லை. நூல் அச்சாகிப் பலர் கையிற் பரவியதனாலன்றோ அப்பிழையைக் காண்பதற்கு வழி பிறந்தது? ஒரே சுவடி ஒருவர் பரணிற் கிடந்திருந்தால், பிழையும் நூலும் சேர்ந்தே மறைந்திருக்கும்.

பொருட்செலவும் பிற இடர்களும்

இக்காலத்தில் ஒரு பழைய நூலைப் பதிப்பிக்க விரும்புவோர்க்குச் சர்வகலாசாலைகளும் அரசாங்கமும் உதவுவதுண்டு. தாமோதரம் பிள்ளைக்கு அத்தகைய நிலையான உதவி இருந்ததில்லை. ஏடு தேடல், பெயர்த்தெழுதுவோர்க்குக் கூலி, காகிதம், அச்சுக்கூலி ஆகிய செலவுகளிற் பெரும்பகுதியைத் தம் சம்பாத்தியத்தினின்றே செய்தார். பொருளதிகாரம் போன்ற நூலை வாங்குவோர் சிலரே யாதலின், போட்ட பொருள் மீளவில்லை. பொருளுடையார் இப்பணிக்கு உதவ வேண்டுமென்று அவர் பதிப்புரைகளிற் பன்முறை வேண்டியும், கிடைத்த உதவி சிறிதே. பதிப்பிற் குற்றம் கூறி வாதிட்டோரும் இருந்தனர். அவற்றையெல்லாம் பொறுத்து அடுத்த நூலை எடுத்தமையே அவர் கொடுத்த விடை.

அரசாங்க உத்தியோகத்தினின்று நீங்கியபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் இருந்தார். அவ்வூர்க் கலாசாலையில் அப்போது தமிழாசிரியராய் இருந்தவர் உ. வே. சாமிநாத ஐயர். ஏடு தேடும் ஆர்வம் ஒன்றாலேயே இருவரும் பழகினர். கலித்தொகை வெளிவந்த அதே 1887-ஆம் ஆண்டில் ஐயரவர்களின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. தாமோதரம் பிள்ளை தொடங்கிய பணியை ஐயரவர்கள் அடுத்த அரைநூற்றாண்டுக்கு வளர்த்துச் சென்றார்.

அவ்வாண்டிலேயே புதுக்கோட்டைச் சமஸ்தானத்து உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பெற்று, 1890-ஆம் ஆண்டுவரை அப்பதவியில் இருந்தார். நீதிபதியின் பொறுப்புக்கள் நிறைந்த அவ்வாண்டுகளிலும் சூளாமணியும் இலக்கண விளக்கமும் வெளிவந்தமை, அவர் ஊக்கத்துக்கு அளவுகோலாகும்.

இறுதிக்காலம்

1895-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அவருக்கு ராவ்பகதூர் என்னும் பட்டம் அளித்தனர். சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் பிற்காலத்தில் தமிழாசிரியராய்ப் புகழ்பெற்ற சூரியநாராயண சாஸ்திரியாரின் புலமையைக் கண்டு வியந்து, அவருக்குத் திராவிட சாஸ்திரி என்னும் பட்டத்தை அளித்தவர் தாமோதரம் பிள்ளையே. இளையோரிடத்துத் தமிழறிவு கண்டால் அதனைப் போற்றுவது அவர் இயல்பு.

முதுமையைச் சென்னைப் புரசைவாக்கத்திற் கழித்த அவர், 1901-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ஆம் நாள் தமது 69-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். 20-ஆம் நூற்றாண்டின் முதல் நாளே அவருக்கு இறுதி நாளாயிற்று. அவர் கையிலிருந்து உலகம் பெற்ற நூல்கள் அந்நூற்றாண்டைக் கடந்து இன்றும் வாழ்கின்றன.

காத்தவையும் இழந்தவையும்

அவர் பணி எத்துணை இன்றியமையாதது என்பதை அவர் பிறந்த நாட்டில் நிகழ்ந்த ஒரு துயரமே காட்டுகின்றது. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் வன்செயலாளராற் கொளுத்தப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. ஓலைச்சுவடிகள் பலவும் அவற்றுள் அடங்கும். அச்சேறிய நூல்களின் வேறு பிரதிகள் சென்னையிலோ இலண்டனிலோ கிடைத்தன. வேறு பிரதியில்லாத சுவடிகளோ திரும்பி வரவில்லை. வீரசோழியமும் கலித்தொகையும் சூளாமணியும் அத்தீயால் அழியாமைக்குக் காரணம், ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்னரே ஒருவர் அவற்றைப் பல்லாயிரம் கைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தமையே.

அச்சு நூலும் என்றும் நிலைப்பதன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிய காகிதம் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது. நாளடைவிற் பழுத்து நொறுங்குவது. ஆகவே, ஓலையினின்று காகிதத்துக்குப் பெயர்த்த நூல்களைக் காகிதத்தினின்று வேறொன்றுக்குப் பெயர்க்கும் காலம் வந்தது. அப்பணி நிகழ்ந்த இடங்களுள் ஒன்று அம்பத்தூரை அடுத்த முகப்பேர் ஆகும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பார் தம் வாழ்நாளெல்லாம் தொகுத்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப்பின் 1994-ஆம் ஆண்டிற் சிக்காகோ சர்வகலாசாலை பெற்றது. அவை தமிழ்நாட்டை விட்டு நீங்காமல் முகப்பேரில் ஆராய்ச்சி நூலகமாக வைக்கப்பெற்றன. அங்கே நுண்படச்சுருள்களிற் பதிவு செய்யப்பெற்றன. அந்நூலகம் பின்னர்த் தரமணிக்கு மாறியது. 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களின்பொருட்டுத் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகமும் தமிழ் நூல்களைக் கணினிக்குப் பெயர்த்தன. ஓலை, காகிதம், படச்சுருள், கணினி என்னும் இத்தொடரில் முதற் பெரும் பெயர்ப்பைச் செய்தோருள் தாமோதரம் பிள்ளை முன்னிற்பவர்.

நமக்குரிய பாடம்

இனி, இச்சரித்திரத்தால் நாம் கற்கத்தக்கதைச் சிறிது கூறி முடிப்பாம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நம் மாணவர் பலருடைய வீட்டு மேசைமேல் ஒரு கணினி இருக்கின்றது. பாடக்குறிப்பும், ஆராய்ச்சிக் கட்டுரையும், மறைந்த பாட்டனாரின் படமும் அதனுள் உள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்றிலேயே அடங்கியிருக்கும். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் 50 பெருந்தட்டுக்களைக் கொண்டு 50 லட்சம் எழுத்துக்களையே தாங்கியது. இன்று உள்ளங்கையளவான பெட்டி அதனினும் லட்சக்கணக்கான மடங்கு தாங்குகின்றது. தாங்கும் அளவு பெருகியதேயன்றி ஆயுள் பெருகவில்லை. நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் அத்தட்டுக்கள் சில ஆண்டுகளில் தேய்ந்து நிற்கலாம். சுழலும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. விரைவிற் சிறந்தது, எனினும் முன்னறிவிப்பின்றி ஒரு நாளில் வாய்மூடிவிடுவதும் உண்டு. பனையோலை சில நூற்றாண்டுகள் பொறுத்தது. இவை அத்துணை பொறா.

ஆதலின், பழைய டிஸ்க்கை மாற்றிப் புதியதை அமைப்போர் தாமோதரம் பிள்ளையின் முறையையே பின்பற்றல் நன்று. முதலாவது, ஓசையோ தாமதமோ தோன்றியவுடனே பெயர்த்தல் வேண்டும். முற்றும் நின்றபின் வருந்திப் பயனில்லை. இரண்டாவது, பெயர்த்தபின் பழையதனோடு ஒப்புநோக்கல் வேண்டும். கோப்புக்களின் தொகையும் அளவும் ஒத்திருக்கின்றனவா, திறந்தால் திறக்கின்றனவா என்று சோதிக்காத காப்புப் பிரதி, பிரித்துப் பாராத ஏட்டுக்கட்டை ஒக்கும். அச்சோதனை முடியும்வரை பழைய டிஸ்க்கை அழித்தலாகாது. மூன்றாவது, பிழையும் பிரதியில் இறங்கும் என்பதை மறத்தலாகாது. கெட்டுப்போன கோப்பு நல்ல பிரதியின்மேல் எழுதப்பட்டால் இரண்டும் கெடும். ஆதலால் நாட்குறிப்பிட்ட முந்திய பிரதிகளையும் வைத்திருத்தல் நன்று.

நான்காவதாக, எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தலாகாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரிற் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை வீடுகளில் நீர் புகுந்ததையும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் நின்றதையும் நாம் அறிவோம். கணினியும் அதன் காப்புப் பிரதியும் ஒரே மேசைமேல் இருப்பின், இரண்டும் ஒருங்கே மூழ்கும். மூன்று பிரதிகள், இருவகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது அறிந்தோர் கூறும் விதி. வேற்றூரில் வாழும் உறவினர் வீட்டில் ஒரு பிரதி இருந்தாலும் போதும்.

ஐந்தாவது, எழுத்து இருந்தும் படிக்க இயலாமற் போவதுண்டு. 1990-ஆம் ஆண்டுகளில் பல்வேறு எழுத்துருக்களிற் கணினியில் எழுதிய தமிழ்க் கோப்புக்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்றது. பழைய கோப்புக்களை அம்முறைக்கு மாற்றி வைப்பதும், புள்ளியில்லா ஓலையைப் புள்ளியிட்டுப் பதிப்பிப்பதும் ஒரே வகைத் தொண்டு.

முடிவுரை

அன்பார்ந்த மாணவர்களே! தாமோதரம் பிள்ளை புதுநூல் பல இயற்றிப் புகழ் தேடியவரல்லர். பிறர் எழுதியதைப் பிறர் படிக்குமாறு காத்தலையே தம் பணியாகக் கொண்டார். தாம் எழுதியதைப் போற்றுதல் எளிது. எவரோ எழுதிய ஏட்டுக்காகப் பொருளையும் கண்ணொளியையும் செலவிடுதல் அரிது. நம் வீட்டுப் பரணில் ஓர் ஏட்டுக்கட்டு இருக்கலாம். தந்தையார் எழுதிய கடிதக்கட்டு இருக்கலாம். பழைய கணினியொன்றில் எவரும் திறந்து பாராத கட்டுரையொன்று இருக்கலாம். அவற்றைப் பெயர்த்து, சோதித்து, பகிர்ந்து வைப்பதற்குப் பெரும்பொருளோ பெரும்புலமையோ வேண்டா. தாழ்த்தாத மனமே வேண்டும். வரும் விடுமுறை நாட்களில் அப்பணியைத் தொடங்குவோமாக. அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செய்யும் நன்றிக்கடனாகும்.